கையிலே சாவிக்கொத்து! குருதியிலே கொந்தளிப்பு!

"இரும்பு! இரும்பு கொண்டு வாருங்கள்!"

கூக்குரல் எழுந்தது, கூட்டம் கூடிற்று. ஒருவர் அரிவாளை நீட்டினார். ஓர் அம்மையார் இடுப்பிலே செருகியிருந்த பீரோச் சாவிக்கொத்தை உருவினார். கண்கள் மேலே செருகி, பற்கள் கிட்டி, கையும் காலும் வெட்டியிழுக்க, கடைவாயிலே நுரை தள்ளக் கிடந்தாள் ஒரு பெண். நிறைசூலி, எட்டாம் திங்கள்! அவள் கையிலே சாவிக்கொத்தைத் திணித்து, விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது ஊர். வேப்பிலை வந்தது, திருநீறு வந்தது, "வெள்ளிக்கிழமை உச்சி வேளையிலே புளியமரத்தடியிலே போய் நின்றாளே, அன்றைக்கே நினைத்தேன்" என்று ஒரு மூதாட்டியின் ஆராய்ச்சி முடிவும் வந்தது. வராதது ஒன்றே ஒன்று, வண்டி! 108-க்குச் சொல்லவேண்டும் என்ற எண்ணம் இரண்டாம் முறை வலிப்பு வந்த பிறகே எவருக்கோ எழுந்தது.

அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

அந்த இரவில் நான் அங்கில்லை. அவள் தம்பி சொல்லக் கேட்டதைத்தான் எழுதுகிறேன். ஆனால் அதற்கு ஒரு திங்களுக்கு முன்பு, அந்த வீட்டு வளைகாப்பிலே நான் இருந்தேன். பத்தாம் வகுப்பிலே என்னிடம் வரலாறு பயின்றவள், ஆசிரியர் என்று அழைத்தாள், போனேன். முகம் உப்பியிருந்தது. "என்ன பொலிவு! தாய்மையின் பொலிவு!" என்றார்கள். கால் தூண்போல் வீங்கியிருந்தது. "கால் வீங்கினால் நல்லது, சுகப்பிரசவம்" என்றார்கள். கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டைத் தாண்டி ஏற மறுத்தன. சோப்பு நுரை தடவி ஏற்றினார்கள். "முந்தாநாள் அளவு பார்த்தபோது சரியாக இருந்ததே!" என்று வளையல்காரர் வியந்தார். வியந்தவர் அவர் ஒருவர்தான். இரண்டு நாளிலே ஒரு பெண்ணின் கை ஏன் பருக்கும் என்று அந்தக் கூடத்திலே வேறெவரும் கேட்கவில்லை. பட்டம் பெற்றவன், பகுத்தறிவு பேசுபவன், மேடையேறி முழங்குபவன், நானும் கேட்கவில்லை! ஐந்து வகைச் சோற்றையும் உண்டுவிட்டுத் தாம்பூலப் பையோடு வீடு திரும்பினேன். ஆகவே இந்தக் கட்டுரை பிறரைச் சாடுவதற்கு மட்டும் எழுதப்படுவதன்று.

தோழர்களே! அந்தப் பெண்ணைப் பிடித்தது பேயன்று, புளியமரமன்று, கண்ணேறுமன்று. அவள் குருதிக் குழாய்களிலே ஏறியிருந்த அழுத்தம்! மருத்துவர் அதனை முன்சூல்வலிப்பு என்பர். பிரி-எக்லாம்ப்சியா என்று மேனாட்டுப் பெயரும் உண்டு. வலிப்பே வந்துவிட்டால் சூல்வலிப்பு, எக்லாம்ப்சியா. நம் பாட்டிமார் 'சன்னி' என்ற ஒரே மூட்டைக்குள் இதனையும் பேற்றுக்குப் பின்வரும் நச்சுக் காய்ச்சலையும் சேர்த்துக் கட்டிப் பரண்மேல் வைத்தனர். பெயர் ஒன்றாகிவிட்டதால் நோயும் ஒன்றாகிவிட்டது; நோய் புரியாததால் பேய் புகுந்தது!

உண்மையிலே உள்ளே நடப்பது என்ன? நான் கலைப் பட்டம் பெற்றவன்; மருத்துவம் கற்றவனல்லன். எனினும் கற்றவரிடம் கேட்டு, படித்துத் தெளிந்ததைச் சொல்கிறேன்.

காவிரிப் படுகையிலே பிறந்தவனுக்குக் கடைமடை என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஆற்றிலே வெள்ளம் புரளலாம். வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் கடைமடைப் பயிர் கருகும். கருப்பையின் சுவரிலே திருகுபோல் சுருண்ட சிறு தமனிகள் உள்ளன. சாதாரண நாளிலே அவை நூலிழை போன்றவை. கருவுற்றதும், நச்சுக்கொடியிலிருந்து உயிரணுக்கள் கிளம்பி அந்தத் தமனிகளுக்குள் புகுந்து, சுவரிலுள்ள தசையை அகற்றி, நூலிழையை அகன்ற கால்வாயாக மாற்றுகின்றன. ஏறத்தாழ இருபதாம் வாரத்திற்குள் இந்தத் தூர்வாரும் வேலை முடிந்தாகவேண்டும். ஏனெனில் நிறைமாதத்திலே நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேலான குருதி அந்த வழியே பாயவேண்டியிருக்கிறது. எந்தக் காண்டிராக்டரும் கமிஷன் கேட்காமல் நடைபெறும் மராமத்து இது!

சிலரிடம் இந்த வேலை அரைகுறையாக நின்றுவிடுகிறது. தமனி குறுகியே கிடக்கிறது. நச்சுக்கொடி பட்டினி கிடக்கிறது. பட்டினி கிடக்கும் நச்சுக்கொடி சும்மா இருப்பதில்லை. தாயின் குருதியிலே சில புரதங்களை அவிழ்த்துவிடுகிறது. அவற்றுள் ஒன்றை, இந்திய வழிவந்த ஆனந்த் கருமாஞ்சி என்ற மருத்துவரும் அவர்தம் குழுவினரும் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலே கண்டறிந்து 2003-இல் வெளியிட்டனர். குருதிக் குழாய்களின் உட்சுவரை நலமாக வைத்திருக்கும் பொருள்களை அந்தப் புரதம் கட்டிப்போட்டுவிடுகிறது. உட்சுவர் சீர்கெடுகிறது, குழாய்கள் இறுகுகின்றன, அழுத்தம் ஏறுகிறது, சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடுகிறது, ஈரல் நோகிறது, மூளை வீங்குகிறது. கடைசியிலே இடிபோல் இறங்குகிறது வலிப்பு. எக்லாம்ப்சியா என்ற கிரேக்கச் சொல்லுக்கே மின்னல்போல் பளிச்சிடுதல் என்றுதான் பொருள் கூறுவர்.

ஆனால் அது முன்னறிவிப்பில்லாத மின்னலன்று. பெரும்பாலும் வாரக்கணக்கிலே மேகம் திரண்டுதான் வருகிறது. இருபது வாரத்துக்குப் பிறகு 140-க்கு 90 என்ற எல்லையை அழுத்தம் தொட்டால், விழித்துக்கொள்ள வேண்டும். 160-க்கு 110 என்றால், அது உடனே மருந்து ஏறவேண்டிய நெருக்கடி. சிறுநீரிலே புரதம் தெரியும். பொறுக்கமுடியாத தலைவலி, கண்முன் பொறி பறத்தல், வலப்பக்க விலாவின் கீழே வலி, மூச்சிறைப்பு, முகமும் கையும் திடீரென்று வீங்குதல். இவையெல்லாம் ஓலையெடுத்து வரும் தூதுவர்கள்! கால் வீக்கம் பல பெண்களுக்கு இயல்பாகவும் வரும், உண்மை. அதனாலேதான் கருவியால் அளந்து பார்க்கவேண்டும் என்கிறோம்.

நம் வீடுகளிலே அந்தத் தூதுவருக்குக் கிடைக்கும் வரவேற்பு என்ன? தலைவலிக்குத் தைலம். விலாவலிக்கு ஓமத் தண்ணீர், "வாயு"வாம்! வீக்கத்துக்குப் பார்லிக் கஞ்சி. கண்முன் பொறி பறந்தால் கண்ணேறு. உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பிலே போடு! பார்லிக் கஞ்சி குடிப்பதிலே கேடொன்றுமில்லை. அதைக் குடித்துவிட்டோம் என்று செவிலியரிடம் போகாமல் இருப்பதிலேதான் கேடு இருக்கிறது.

"போடா பொடிப்பயலே! எங்கள் பாட்டி பத்துப் பெற்றாள். எந்தக் கருவியைக் கட்டி அழுத்தம் பார்த்தாள்?" என்று கேட்கிறார் பழமைக்குப் பல்லக்குச் சுமப்பவர்.

பத்துப் பெற்ற பாட்டி பேசுகிறாள், ஐயா. முதற்பேற்றிலேயே மாண்ட பாட்டி பேசமாட்டாள்! உமது குடும்பத்து வரலாற்றையே எடுத்துப் பாரும். 'மூத்த தாரம்', 'இளைய தாரம்' என்று எத்தனை தாத்தாக்களுக்கு எழுதியிருக்கிறது? மூத்தவள் எங்கே போனாள்? அவள் தங்கையையே தாத்தாவுக்கு ஏன் கட்டிவைத்தார்கள்? கேட்டுப் பாரும். "பிரசவத்திலே போய்ச் சேர்ந்தாள்" என்று ஒரே வரியிலே முடித்துவிடுவார்கள்.

இன்னும் சான்று வேண்டுமா? பழைய சாலையோரங்களிலே நடந்து செல்லுங்கள். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் கிடத்தி, ஆள் உயரத்திலே நிற்கிறதே சுமைதாங்கி, அது எதற்காக? தலைச்சுமையோடு வருபவன் இளைப்பாறுவதற்கு. யார் நினைவாக? வயிற்றுச் சுமையை இறக்கிவைக்காமலே மாண்ட சூலியின் நினைவாக! அவள் தாங்கிய சுமையை ஊரார் இறக்கிவைத்தால் அவள் ஆவி அமைதியுறும் என்று நம்பி நட்டார்கள். எண்ணம் இரக்கமுடையது, மறுக்கவில்லை. என் மாணவர்களை ஒருமுறை அப்படியொரு கல்லைக் காட்ட அழைத்துப்போனேன், ஒரு சிறுவன், "இந்தக் கல்லை நட்டவர்கள் அந்த அம்மாவை ஏன் காப்பாற்றவில்லை, சார்?" என்றான். எனக்கு விடை வரவில்லை. கல் நட்டவர்க்கு வழி தெரியாது. நமக்குத் தெரியுமே! பாட்டிகள் எல்லாரும் பத்தும் பதினாறும் பெற்றுப் பாங்காய் வாழ்ந்தார்கள் என்றால், இந்தக் கற்கள் யாருக்காக நிற்கின்றன?

வழி எப்போது தெரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1843-இல் இலண்டனிலே லீவர் என்ற மருத்துவர், வலிப்புக் கண்ட சூலியரின் சிறுநீரைச் சோதித்து, அதிலே புரதம் இருப்பதைக் கண்டார். ரிவா-ரோச்சி என்ற இத்தாலியர் 1896-இல் கையிலே பட்டை கட்டி அழுத்தத்தை அளக்கும் கருவியை அளித்தார். கொரொட்கோவ் என்ற இரஷ்யர் 1905-இல், குழாயை வைத்துக் கேட்டு மேலெண்ணும் கீழெண்ணும் சொல்லும் முறையைக் கண்டார். நூற்றிருபது ஆண்டாகிவிட்டது! இன்று ஆரம்ப சுகாதார நிலையத்திலே காசு வாங்காமல் கட்டிப் பார்க்கும் அந்தப் பட்டையைக் காட்டிலும், காசு கொடுத்துக் கட்டும் கயிற்றை நம்புகிறதே இந்த நாடு!

மருந்தைக் கேளுங்கள். வலிப்புக் கண்டவளுக்கு இரும்பைக் கொடுத்தார்களே, கொடுக்கவேண்டிய உலோகம் இரும்பன்று, மக்னீசியம்! மக்னீசியம் சல்பேட் என்பது நாட்டுப்புறத்தார் 'பேதி உப்பு' என்று அறிந்துள்ள அதே உப்புத்தான். தூய்மைப்படுத்தி ஊசியிலே ஏற்றுவர். விலை மிக மலிவு. 33 நாடுகளிலே 10,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2002-இல் வெளியான பேராய்வு, முன்சூல்வலிப்புக் கண்டவர்க்கு இந்த ஊசி போட்டால் வலிப்பு வரும் வாய்ப்பு பாதிக்குமேல் குறைகிறது என்று மெய்ப்பித்தது. அழுத்தத்தைத் தணிக்கச் சூலியர்க்கு ஏற்ற மாத்திரைகள் உண்டு. வருமுன் தடுக்கவும் வழியுண்டு: ஆபத்து மிகுந்தவள் என்று தெரிந்தால், இருபது வாரத்துக்கு முன்பே, மருத்துவர் சொற்படி, நாள்தோறும் குறைந்த அளவு ஆஸ்பிரின், உணவிலே சுண்ணச்சத்துக் குறைந்த மக்களிடையே கால்சியம் மாத்திரை. உலகச் சுகாதார நிறுவனமே 2011-இல் இவற்றைப் பரிந்துரைத்தது. உப்பையே நாக்கிலே படவிடாமல் பத்தியம் போடுவதற்கும், படுக்கையை விட்டு எழாதே என்று கட்டிப்போடுவதற்கும் அந்த நிறுவனம் ஆதரவு தரவில்லை.

"மருத்துவமனையிலேதானே பெறுகிறோம், பிறகென்ன குறை?" என்பீர்கள். பெருமைதான்! 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலே நூற்றுக்கு 99.6 பேறு மருத்துவமனையிலே நடந்தது. முத்துலட்சுமி அம்மையார் பெயரால் அளிக்கப்படும் பேறுகால உதவித்தொகை 2006-இல் 6,000 ரூபாயாகவும் 2011-இல் 12,000 ரூபாயாகவும் உயர்ந்தது. எல்லாம் நன்று. ஆனால் 2018–20 கணக்கிலே ஓரிலட்சம் உயிருள்ள பேற்றுக்கு இறந்த தாயர் இந்தியாவிலே 97, தமிழ்நாட்டிலே 54, அண்டையிலுள்ள கேரளத்திலே 19! வடக்கைப் பார்த்து மார்தட்டிக்கொள்ளும் நாம் மேற்கையும் ஒருமுறை பார்க்கவேண்டாமா? உலகளவிலே தாய்ச்சாவுகளில் ஏறத்தாழ ஏழில் ஒன்று அழுத்த நோய்களால் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2014-ஆம் ஆண்டு ஆய்வு கூறிற்று.

மருத்துவமனை வாயில் வரை மூடநம்பிக்கை வருகிறது; வாயிலிலே செருப்பைக் கழற்றுவதுபோல் அதைக் கழற்றிவிட்டு உள்ளே போவதில்லை. அழுத்தம் ஏறிவிட்டது, உடனே குழந்தையை எடுக்கவேண்டும் என்கிறார் மருத்துவர். "இன்று அஷ்டமி, நாளைக்குச் சுபமுகூர்த்தம்" என்று பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறார் மாமனார். இராகு காலம் முடியட்டுமாம்! கையொப்பமிடப் பேனாவைக் கையிலே பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறான் கணவன். உள்ளே அவள் மூளைக் குழாய் எம்மனோர் நாட்காட்டியைப் பார்த்தா வெடிக்கும்? கேட்கும் நேரத்திலே கத்தி வைக்க ஒப்புக்கொள்ளும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சுவரிலே மாட்டியுள்ள பட்டத்தைக் கழற்றிவிட்டுப் பஞ்சாங்கத்தையே மாட்டிக்கொள்ளலாம்.

தாய்வீட்டு வழக்கம் என்றொன்று. தலைப்பேறு தாய்வீட்டிலே, ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடித்து அழைத்துப்போவார்கள். தாயன்புக்கு நான் பகையல்லன். ஆனால் எண்ணிப் பாருங்கள்: முன்சூல்வலிப்பு மிகுதியாகத் தலைகாட்டுவது தலைச்சூலியிடம், அதுவும் கடைசி மூன்று மாதத்திலே. அந்த நேரம் பார்த்து, ஆறு மாதமாக அவளை அறிந்த செவிலியரிடமிருந்து பிரித்து, அவளை அறியாத ஊருக்கு அனுப்புகிறோம். சீர்வரிசைத் தட்டு இருபத்தொன்றும் எண்ணிச் சரிபார்த்து வண்டியிலே ஏறுகின்றன. சுகாதார நிலையத்துப் பதிவுப் புத்தகம் மாமியார் வீட்டு அலமாரியிலே கிடக்கிறது! என் மாணவிக்கு நேர்ந்தது அதுவே. வளைகாப்புக்கு மறுநாள் போகவேண்டிய சோதனையை 'ஊர் மாறுகிறோமே' என்று விட்டார்கள். புது ஊரிலே 'இப்போதுதானே வந்திருக்கிறாள்' என்று விட்டார்கள். நான்கு வாரம் அவள் கையிலே பட்டை கட்டவே இல்லை. ஐந்து டஜன் வளையல் கட்டியிருந்தார்கள்.

அதற்குமுன் சென்ற இடத்திலும் ஒழுங்கா? அளக்காமலே '120/80' என்று எழுதிக்கொடுத்த பக்கம் ஒன்றை அந்தப் புத்தகத்திலே பின்னர்ப் பார்த்தேன். மூன்று மாதம் மாறாத ஒரே எண், ஒரே மையிலே! ஓதுவதையே ஓதும் புரோகிதருக்கும் எழுதியதையே எழுதும் கைக்கும் என்ன வேறுபாடு? அளப்பதென்றால் ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, கால் தரையிலே ஊன்றி அமரவைத்து, கையை நெஞ்சளவு தாங்கி, பருமனுக்கேற்ற பட்டையைச் சட்டைத் துணியின் மேலன்றி வெறுந்தோளிலே கட்டி அளக்கவேண்டும். கேட்டுப் பெறுவது நம் உரிமை.

திருமணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். தாலி நிலைக்க ரஜ்ஜுவாம்! கருவுற்ற பின்னராவது, "உன் தாய்க்கு, தமக்கைக்குப் பேறுகாலத்திலே அழுத்தம் ஏறிற்றா?" என்று எவராவது கேட்கிறார்களா? (திருமணத்துக்கு முன்பு கேட்கச் சொல்லமாட்டேன். கேட்டால் அதையே காரணம் காட்டிப் பெண்ணைத் தள்ளிவிடும் கூட்டம் இது.) கேட்கும்போது மாப்பிள்ளையின் தாயையும் சேர்த்துக் கேட்கவேண்டும். நச்சுக்கொடி தாயின் உறுப்பன்று, கருவிலிருந்து முளைப்பது, அதிலே தந்தையின் பங்கும் உண்டு. தன் தாய் இந்நோய் கண்டு பெற்றெடுத்த மகன் தந்தையாகும்போது, அவன் துணைவிக்கும் இந்நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலே நடந்த ஆய்வு 2001-இல் காட்டிற்று. ஆனால் குழந்தை இறந்ததும் என் மாணவிக்குக் கிடைத்த பட்டம் என்ன? 'ராசியில்லாதவள்'! அவள் கணவனுக்கு அப்படியொரு பட்டத்தை எவரும் சூட்டவில்லை.

1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலே, பெண்ணின் மணவயது பதினாறுக்குக் குறையலாகாது என்று தீர்மானம் போட்டனர் நம் முன்னோடிகள். வைதிகர் வெகுண்டனர். இன்று மருத்துவம் சொல்கிறது: இருபதுக்கு உட்பட்ட தாய்க்குச் சூல்வலிப்பு ஆபத்து கூடுதல். அந்தத் தீர்மானத்தின் தொடர்ச்சி இன்னும் முடியவில்லை. அதே கணக்கெடுப்பின்படி இருபது முதல் இருபத்து நான்கு வயதுத் தமிழ்ப் பெண்களிலே நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்குமேல் பதினெட்டு நிறையுமுன் மணமானவர்கள்!

தம்பி, இனி உன்னிடம் வருகிறேன். தாலியின்றி மணந்தாய்; மாலை மாற்றினாய்; புரோகிதனை விரட்டினாய்; மகிழ்ச்சி. உன் துணைவி கருவுற்றதும் "அதெல்லாம் அம்மா பார்த்துக்கொள்வார்கள்" என்று கிளம்பிவிட்டாயே படிப்பகத்துக்கு! புரோகிதன் வாசல் வழியே போனான்; அவன் விட்டுச்சென்றதெல்லாம் அடுப்பங்கரையிலே அப்படியே இருக்கிறது. உலகப் பொருளாதாரத்தின் எண்கள் உன் நாவிலே புரள்கின்றன. உன் துணைவியின் அழுத்தம் சென்ற முறை எத்தனை? சொல்! ஆறு தோழர்களிடம் கேட்டேன். மூவரின் துணைவியர் நிறைசூலியர். ஒருவர் மட்டுமே சொன்னார். அவர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்.

பிள்ளை பிறந்ததும் ஆபத்து ஒழிந்தது என்றும் எண்ணாதே. முதல் இரண்டு நாள் கடுங்காவல். ஆறு வாரம் வரை கண்காணிப்பு. தீட்டு என்று இருட்டறையிலே தனியே கிடத்தும்போது, தலைவலி என்று அவள் முனகினால் யார் காதிலே விழும்? அதற்கப்பாலும் கதை நீள்கிறது. முன்சூல்வலிப்புக் கண்ட பெண்ணுக்குப் பிற்காலத்திலே நிலைத்த இரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பு மூன்று மடங்குக்குமேல்; நெஞ்சுத் தமனி நோயும் பக்கவாதமும் ஏறத்தாழ இரு மடங்கு. 2007-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து மருத்துவர் கண்ட முடிவு இது. ஆண்டுக்கொரு முறையேனும் அவள் அழுத்தம் பார்த்தாகவேண்டும். வீடு தேடி வந்து அழுத்தம் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் தொடங்கிற்று. வாசலுக்கு வரும் அந்தப் பெண்ணிடம் வீட்டுக் கிழவரை மட்டும் காட்டி அனுப்பிவிடாதீர்கள். "எனக்குப் பேறுகாலத்திலே ஏறியது" என்று அவளே சொல்லிக் கையை நீட்டட்டும்.

என் மாணவி மீண்டும் கருவுற்றிருக்கிறாள். பதின்மூன்றாம் வாரம். சென்ற வெள்ளிக்கிழமை அவளையும் அவள் கணவனையும் அழைத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனேன். பழைய புத்தகத்தை அவளே பத்திரமாக எடுத்துவந்திருந்தாள். மருத்துவர் படித்தார், ஆஸ்பிரின் எழுதினார். செவிலியர் பட்டையோடு வந்து, கைச்சட்டையை மேலே ஏற்றச் சொன்னார். ஏற்றினாள். பட்டை கட்டவேண்டிய அதே இடத்திலே, கறுப்புக் கயிற்றிலே கோத்த தாயத்து! மாமியார் முந்தின அமாவாசையிலே கட்டியதாம்.

"இதைக் கழற்றினால்தாம்மா சரியாக வரும்" என்றார் செவிலியர்.

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்த்தான். நான் வாய் திறக்கவில்லை. அவளே பல்லால் முடிச்சைக் கடித்து அவிழ்த்து, அதை அவன் சட்டைப் பையிலே போட்டுவிட்டுக் கையை நீட்டினாள்.

118-க்கு 74.